மூன்றாம் வகைச் சாக்கு

பொருநைப் பல்கலைக்கழகத்துக்கு அசல்மானி வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம் சரோஜா. அந்தச் சரோஜா யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. என்றோ ஒரு புண்ணியவான் தன் ஆய்வேட்டின் நன்றியுரையில், 'இரவுபகல் பாராது எனக்குத் துணைநின்ற அன்பு மனைவி சரோஜாவுக்கு' நன்றி சொல்லி வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே அள்ளித் தங்கள் ஆய்வேட்டில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணமாகாதவர்கள் சரோஜாவுக்கு நன்றி சொன்னார்கள். பெண்கள் சொன்னார்கள். கடைசியில் ஒரு பாதிரியாரும் சொல்லி, அந்த ஆய்வேடு ஆயர் கைக்குப் போனபோதுதான் விஷயம் வெடித்தது.

உடனே பல்கலைக்கழகம் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கியது. ஆய்வாளர்கள் அதை ஏமாற்றும் மென்பொருளை வாங்கினார்கள். அது ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கிவிட்டு அதே பொருளில் வேறு சொல்லை நட்டுவைக்கும். தலைமையாசிரியர் 'மண்டை ஆசான்' ஆனார். சர்க்கரை நோய் 'இனிப்புப் பிணி' ஆயிற்று. வங்கிக் கடனை 'ஆற்றங்கரைக் கடன்' என்று எழுதியவர் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கி, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் மண்டை ஆசானாகவே இருக்கிறார்.

இனிமேல் தாளைச் சோதித்துப் பயனில்லை, தலையையே சோதித்துவிடலாம் என்று கல்விக்குழு முடிவு செய்தது. அப்படித்தான் அசல்மானி வந்தது. பார்க்கத் தலைப்பாகை மாதிரி இருக்கும். உள்ளே பொடிப்பொடியாக ஏதேதோ மின்னும். மேலே ஒரு விளக்கு. வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் அதை மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். சொந்தமாக யோசித்துச் சொன்னால் விளக்கு பச்சை, எங்கிருந்தோ எடுத்துச் சொன்னால் சிவப்பு. சிவப்பு பத்து சதவீதத்தைத் தாண்டினால் பட்டம் கிடையாது. போதாததற்கு, 'கருத்துத் திருடர்' என்று பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டோவோடு பெயரும் ஏறிவிடும்.

உலகம்மைக்கு இதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. திருடியவன்தானே பயப்பட வேண்டும்? அவள் தன் ஆய்வேட்டின் ஒவ்வொரு வரியையும் தானே எழுதியவள். ஏழு வருஷம் எழுதினாள். தலைப்பு, 'நெல்லை மாவட்ட அலுவலகங்களில் தாமதத்துக்குச் சொல்லப்படும் சாக்குகள்'. அலுவலகம் அலுவலகமாகப் போய் உட்கார்ந்து, தாமதமாக வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு நான்கு வகையாகப் பிரித்திருந்தாள். முதல் வகை, வண்டி மேல் பழி. ஓட்டுநர் இல்லாத பஸ்கள் வந்த பிறகு இது குறையும் என்று எதிர்பார்த்தாள்; 'பஸ் நடுரோட்டில் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது' என்று புதிதாக ஒன்று முளைத்ததுதான் மிச்சம். இரண்டாம் வகை, தெய்வத்தின் மேல் பழி. மழை, கோயில் கொடைவிழா, சகுனம் எல்லாம் இதில் அடக்கம். மூன்றாம் வகை, உடம்பின் மேல் பழி. நான்காம் வகை, அடுத்தவர் மேல் பழி.

இந்த நான்காம் வகைக்கு அவள் வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. அவளுடைய நெறியாளர் பேராசிரியர் பிரமநாயகமே போதும். அவர் அவளது இயல்களை மாதக்கணக்கில் மேசையில் போட்டு வைத்துவிட்டு, "பியூன் எடுத்துத் தரல" என்பார். பிறகு 'எனவே'யை 'ஆகவே' ஆக்கித் திருப்பிக் கொடுப்பார். அடுத்த முறை 'ஆகவே'யை 'எனவே' ஆக்குவார். இப்படி எழுதி எழுதி, எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்கு ஆகியிருந்தாள் உலகம்மை.

தேர்வு நாளன்று அம்மா பகவதியம்மாளும் கூட வந்தாள். டின் நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தாள். தேர்வு வைப்பவர்களுக்குத் தின்பண்டமும் மதியச் சாப்பாடும் தேர்வுக்கு வருகிறவர் வீட்டு உபயம் என்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத, ஆனால் யாரும் மீறாத விதி.

பிரமநாயகத்தின் மாணவர் இன்னொருவருக்கும் அன்றுதான் தேர்வு. தாணு என்று பெயர். தங்கமான பையன். ஒரே குறை, அவன் ஆய்வேட்டை அவன் எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு குறித்த நேரத்தில் செய்து தரப்படும்' என்று போர்டு போட்ட கடையில் சொல்லிச் செய்தது. அதை அவன் பிரித்துப் பார்த்ததுகூட இல்லை. உப்பளக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது என்று மட்டும் அட்டையைப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தான்.

"எக்கா, இன்னைக்கு நான் செத்தேன்," என்றான் அவன், முந்திரிக்கொத்தை எடுத்தபடி. "இணையதளத்துல போட்டோ வந்துரும். எங்க மாமா பொண்ணு கட்டிக்குடுக்க மாட்டாரு."

உலகம்மைக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஓரமாக ஒரு சந்தோஷம். ஏழு வருஷம் தனக்கு முதுகு ஒடிந்தபோது இவன் கேரம்போர்டு ஆடினானே!

தேர்வாளர் முனைவர் ரஹ்மத்நிஷா திருச்சியிலிருந்து வந்திருந்தார். அதிகம் பேசாதவர். அசல்மானிக் கம்பெனியின் ஆள் ஜெரால்டு, சென்னைக்காரர், தலைப்பாகையைத் தாணுவின் தலையில் பொருத்தினார்.

"சங்கங்களோட வீழ்ச்சிக்கு நீங்க கண்டுபிடிச்ச முக்கியக் காரணம் என்ன?" என்று கேட்டார் ரஹ்மத்நிஷா.

தாணு விழித்தான். "அது வந்து மேடம்... உப்பு விலை ஏறவே மாட்டேங்கு. ஏன்னா எல்லார் வீட்டுலயும் ஏற்கெனவே கொஞ்சம் உப்பு இருக்கு."

விளக்கு பச்சையாக எரிந்தது.

தாணுவே அண்ணாந்து பார்க்க முயன்றான். தைரியம் வந்துவிட்டது. "மழை பெஞ்சா உப்பு கரையுது, வெயில் அடிச்சா ஆளு கரையுதான். அதனால சங்கமும் கரைஞ்சு போச்சு," என்றான். பச்சை. இருக்கிற சங்கங்களையெல்லாம் பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தான். நெல்வயல் மாதிரிப் பச்சை.

"ஆய்வேட்டுல இருக்கறதுக்கும் இவர் சொல்றதுக்கும் சம்பந்தமே இல்லையே," என்றார் ரஹ்மத்நிஷா.

"மேடம், புது விதிப்படி அதெல்லாம் பார்க்கிறதில்ல," என்றார் பிரமநாயகம் பணிவாக. "பச்சையா சிவப்பா, அவ்வளவுதான். கேள்வி கேட்கிறதும் கையெழுத்துப் போடுறதும்தான் உங்க வேலை."

சிவப்பு வெறும் இரண்டு சதவீதம் என்று ஜெரால்டு அறிவித்தார். அந்த இரண்டும் தாணு தன் பெயரையும் ஊரையும் சொன்னதற்கு வந்தது. பிரமநாயகம் அவனுக்கு மாலை போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். உலகம்மையும் தட்டினாள்.

அடுத்து அவள் உட்கார்ந்தாள்.

"மூணாம் இயலோட சாரம் சொல்லுங்க."

"தாமதமாக வருவோரில் பெரும்பான்மையோர் தம் தாமதத்துக்குத் தாமே பொறுப்பேற்பதில்லை. எனவே..." என்று தொடங்கினாள் உலகம்மை. கணீரென்று சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால் பிரமநாயகத்தின் வழுக்கையில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது.

அடுத்த கேள்விக்கும் சிவப்பு. அதற்கடுத்ததற்கும். பதற்றத்தில் 'எனவே'க்குப் பதில் ஒரு தடவை 'ஆகவே' என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் சிவப்புதான். அதையும் அவள் ஒருகாலத்தில் எழுதியிருந்தாளே!

"தொண்ணூத்தி நாலு பர்சென்ட் காப்பி," என்றார் ஜெரால்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் குரலில்.

"அது நான் எழுதினது!"

"இருக்கலாம் மேடம். ஆனா நீங்க இப்ப யோசிச்சுச் சொல்லலையே. மனுஷன் ஒரு விஷயத்தைப் புதுசா உருவாக்கும்போது மூளையில ஒரு இடம் வேலை செய்யும். ஏற்கெனவே இருக்கறதை எடுத்துக் கொடுக்கும்போது வேற இடம். உங்களுக்கு ரெண்டாவது இடம்தான் வேலை செஞ்சுது. அது யார் எழுதினதுன்னு மெஷினுக்குத் தெரியாது."

"அப்ப தாணுவுக்கு?"

"அவர் வாயில வந்த எல்லாமே புதுசு மேடம்," என்றார் ஜெரால்டு. அவர் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

விதியில் ஒரு கருணை இருந்தது. அன்றே, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை உட்காரலாம். அதிலும் தவறினால் இணையதளம்தான். பிரமநாயகம் எழுந்து இலையை நோக்கி நடந்தபடியே, "என் பேர்ல தப்பில்ல. திருத்தின டைப்பிஸ்ட்டைத்தான் கேக்கணும்," என்றார். 'நான்காம் வகை' என்று உலகம்மையின் மனம் பழக்கத்தில் குறித்துக்கொண்டது.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தாணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெற்றி பெற்றவனுக்குரிய கூச்சம் முகத்தில் இருந்தது.

"எக்கா, தப்பா நினைக்காதிய. நீங்க அதைப் படிச்சதுதான் தப்பு. நான் இப்பத்தான் என் ஆய்வேட்டை முதல் தடவையாப் பிரிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

உலகம்மை அவனைத் திட்டத் தோன்றாமல் எழுந்து, காலியாக இருந்த தேர்வு அறைக்குப் போனாள். ஜெரால்டு மட்டும் மிக்சர் தின்றுகொண்டிருந்தார். அனுமதி கேட்டுத் தலைப்பாகையை மாட்டிக்கொண்டாள்.

"என் பேரு உலகம்மை," என்றாள். சிவப்பு.

கொஞ்சம் யோசித்தாள். "என் பேரு சரோஜா. எனக்கு ஒரு டஜன் புருஷன், அதுல ஒருத்தர் பாதிரியார்."

பளிச்சென்று பச்சை.

ஜெரால்டு மிக்சரை நிறுத்திவிட்டார்.

"அப்ப பொய் சொன்னா பச்சையா?"

"பொய்யும் சொந்தச் சரக்குதானே மேடம்," என்றார் ஜெரால்டு, கதவைப் பார்த்துவிட்டு மெதுவாக. "வெளிய சொல்லிடாதீங்க. எங்களுக்கும் போன மாசம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள அம்பது கல்லூரிக்கு வித்துட்டோம்."

உலகம்மை தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உண்மை பேசினால் திருடி. புளுகினால் முனைவர். எதைச் செய்வது என்று அவளுக்குத் தெரியத்தான் செய்தது. தெரிந்ததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஏப்பத்தோடு வந்து அமர்ந்தார்கள். மறுபடியும் அதே கேள்வி.

"தாமதமா வர்றவங்க யாரும் வண்டியைக் குத்தம் சொல்றதே இல்ல, மேடம்," என்றாள் உலகம்மை. "எல்லாரும் 'நான் தூங்கிட்டேன், என் தப்புதான்'னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுதாங்க."

பச்சை. பிரமநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வருவாய்த் துறையிலதான் சாக்கு சொல்ற பழக்கமே கிடையாது." பச்சை. "சாக்குச் சொல்றவங்களுக்கு ஆயுசு கூடுது." பச்சை, பச்சை. பெற்ற பிள்ளையை யாரோ என்று நாலு பேர் முன்னால் சொல்வது போல இருந்தது அவளுக்கு. ஆனால் வாய் நிற்கவில்லை. தாணு பின்வரிசையில் இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ரஹ்மத்நிஷா கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தார். அவர் கையில் அவளது ஆய்வேடு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகியிருந்தது. அதை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்பது உலகம்மைக்கு அப்போதுதான் உறைத்தது.

"உலகம்மை, தாள்ல இல்லாத ஒரு கேள்வி கேக்கறேன். இவங்க சொன்னதெல்லாம் சாக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாக்கு எனப்படுவது, தாமதத்தின் உண்மைக் காரணத்தை மறைக்கும் பொருட்டு..."

சிவப்பு.

"அது ரெண்டாம் பக்கம். நான் படிச்சுட்டேன். நான் உங்களைக் கேக்கறேன். பஸ் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தர் சொன்னா, பஸ் கெட்டுப்போகலன்னு நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

ஏழு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிரமநாயகம் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் ஒன்றும் பேசாதபோதே விளக்கு மெல்லப் பச்சையாக ஆரம்பித்தது. ஜெரால்டு அதைப் பார்த்துத் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார்.

"இல்ல மேடம்," என்றாள் அவள். "பாக்கல."

"ஒருத்தரைக்கூட?"

"தளவாய்னு ஒருத்தர். கூட்டுறவு ஆபீஸ்ல எழுத்தர். நான் போனப்பல்லாம் பிந்தித்தான் வருவாரு. 'சம்சாரத்துக்கு முடியலம்மா'ம்பாரு. எத்தனை தடவை அதையே சொல்லுவாருன்னு எனக்கும் அங்க உள்ளவங்களுக்கும் சிரிப்பு. மூன்றாம் வகைன்னு போட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அப்புறம் ஒருநாள்லேருந்து நேரத்துக்கு வர ஆரம்பிச்சுட்டாரு. 'ஆய்வாளரின் நேரடிக் கவனிப்பால் சாக்குகள் குறைந்தன'ன்னு அஞ்சாம் இயல்ல எழுதியிருக்கேன். அதான் என் முக்கியமான முடிவு."

ரஹ்மத்நிஷா ஐந்தாம் இயலைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"அவரு மேசைக் கண்ணாடிக்கு அடியில ஒரு நினைவஞ்சலி அட்டை இருந்துச்சு, மேடம். அவரு வயசுல ஒரு அம்மா படம் போட்டு. நான் அதைப் பார்த்தேன். யாருன்னு கேக்கல." உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் அஞ்சாம் இயல் தப்பு. மத்த இயலும் சரியான்னு தெரியல. இப்ப சாப்பிட்டு வந்ததும் சொன்ன மூணும் வேணும்னே சொன்ன பொய்."

அறை முழுக்கப் பச்சையாக இருந்தது. பொய்க்கு எரிந்த அதே பச்சை. துளி வித்தியாசம் இல்லை.

"சிவப்பு மூணே பர்சென்ட்!" என்று ஜெரால்டு கூவினார். "பாஸ்!"

பிரமநாயகம் மாலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உலகம்மை தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "வேண்டாம் சார். எனக்கு ஒரு வருஷம் அவகாசம் வேணும். ஒவ்வொருத்தரையும் மறுபடி போய்ப் பார்க்கணும்."

"ஏம்மா, புத்தி பேதலிச்சுப் போச்சா? மெஷினே பாஸ்னு சொல்லிருச்சு!"

"மெஷினுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்."

பிரமநாயகம் உதவிக்கு ரஹ்மத்நிஷாவைப் பார்த்தார். அவர் பேனாவைத் திறந்து, "ஒரு வருஷம் போதுமாம்மா?" என்று கேட்டார். பிரமநாயகம் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் தாணுவுக்கே இரண்டாவது முறையாகப் போட்டுவிட்டார்.

அவகாச விண்ணப்பம் ஆய்வுப் பிரிவில் கொடுக்க வேண்டும். அங்கே கண்காணிப்பாளர் சங்கரலிங்கம் கடையைக் கட்டிக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். 'தாமதத்துக்கான காரணம்' என்று இருந்த இடத்தில் உலகம்மை எழுதியிருந்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"'என் ஆய்வில் பிழை இருப்பதை நானே கண்டுபிடித்ததால்.' என்னம்மா இது?"

"உண்மை சார்."

"இதை மேல அனுப்புனா என்னை ஒரு மாதிரிப் பாப்பாவ. பட்டம் கைக்கு வந்த பெறகு யாராவது தானாப் போயி தப்புன்னு சொல்லுவாவளா? நம்புற மாதிரி ஒரு காரணம் எழுதிட்டு வாங்க. உடம்பு சரியில்ல, வீட்டுல முடியல, இப்படி ஏதாவது. பத்து நிமிஷம் இருக்கேன்."

உலகம்மை வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் பகவதியம்மாள் காலி டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் சொன்னதைக் கேட்டதும், "இதுக்குப் போயா முழிக்க?" என்றாள். "அம்மைக்கு முட்டுவலி, கூட இருந்து பாக்கணும்னு எழுதேம்ட்டி."

"பொய் எழுத மாட்டேம்மா. இன்னைக்குச் சொன்னது போதும்."

"பொய் என்னட்டி பொய்? வலிக்கத்தான செய்யுது."

உலகம்மை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "எப்போலேருந்து?"

"அது ஆச்சு அஞ்சாறு வருஷம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லாம என்ன?" என்றாள் பகவதியம்மாள். வருத்தமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "முட்டு வலிக்கு, இன்னைக்குக் கடைக்கு நீ போயிட்டு வாயேன்னு எத்தனை நாள் சொல்லியிருப்பேன். 'மூன்றாம் வகை'ன்னு சொல்லிச் சிரிச்சிட்டு எழுதப் போயிருவ. நானும் அது ஏதோ படிச்ச சொல்லுன்னு இருந்துட்டேன்."

விண்ணப்பத்தில் எழுத உலகம்மைக்கு இப்போது ஒரு காரணம் இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால் அவளுக்குக் கை வரவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, டின்னை வாங்கிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து மெல்ல எழுப்பினாள். உள்ளே சங்கரலிங்கம் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். நாளைக்கு வருகிறேன் என்று பதில் சொல்லிவிட்டு, எலும்பு டாக்டர் வீட்டுக்கு ஆட்டோ வருமா என்று வாசலில் விசாரிக்கப் போனாள்.